கல்லொண்டு எடுத்துத் தரட்டா சேர்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு கடல் மீன் தொட்டி வைத்தோம். படத்தைப் பார்த்த நாளில் இருந்து பலரும் கேட்கிறீர்கள். கடல் தண்ணீருக்கு என்ன மெசின் போட்டிருக்கிறீர்கள், எவ்வளவு முடிந்தது, எங்கள் வீட்டு வரவேற்பறையிலும் ஒன்று வைக்கலாமா என்று. ஒவ்வொருவருக்கும் இன்பொக்ஸில் பதில் எழுத முடியவில்லை. இங்கேயே எழுதி விடுகிறோம்.

முதலில் மெசின். அப்படிச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. காற்றுக் குமிழி விடும் சின்னப் பம்ப் ஒன்று, தண்ணீரைச் சுற்ற வைக்கும் சின்ன மோட்டர் ஒன்று, அவ்வளவுதான். தண்ணீரைச் சுத்தம் செய்வதெல்லாம் உள்ளே இருக்கும் உயிர்கள்.

தொட்டியில் மீன் செத்தால் பசியில் செத்தது என்றுதான் நம் ஊரில் நினைப்பு. அதனால் அடுத்த மீனுக்கு இன்னும் கொஞ்சம் தீன் அள்ளிப் போடுவோம். உண்மையில் பல மீன்கள் சாவது தன் கழிவிலேயேதான். மீன் தன் பூக்களால் அமோனியாவை வெளியே விட்டுக் கொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட தீன் அழுகினாலும் அமோனியாதான். கடல் நீர் காரத்தன்மை உள்ளது என்பதால் அதில் அமோனியாவின் நஞ்சான வடிவம் நன்னீரை விடக் கூடுதலாக இருக்கும். பெருங்கடலில் இது பிரச்சினையே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டே நாளில் பிரச்சினை.

இதைச் சரி செய்ய பற்றீரியாக்கள் இருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று அவ்வளவு நஞ்சில்லை, ஆனால் சேர்ந்து கொண்டே போகும். காற்றுப் படாத இடத்தில், கல்லின் உட்துளைகளிலும் மணலின் அடியிலும், மூன்றாவது கூட்டம் ஒன்று அந்த நைத்திரேற்றில் இருந்து ஒட்சிசனை எடுத்துக் கொண்டு மிச்சத்தை நைதரசன் வாயுவாக விட்டு விடும். அது குமிழியாக மேலே வந்து காற்றோடு போய் விடும். கல்வியியற் கல்லூரிக் காலத்தில் இந்த நைதரசன் வட்டத்தை அம்புக்குறி போட்டு எத்தனை பிறிஸ்டல் போர்ட்டில் வரைந்திருப்போம்! அந்த அம்புக்குறிகள் ஒரு கல்லுக்குள் உயிரோடு இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் இந்தத் தொட்டியின் ஆரம்பம்.

இது ஒன்றும் புதிய விசயமில்லை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்றொருவர் இருந்தார். கடலில் இருந்து உயிர்கள் ஒட்டிய கற்களையும் கடல் நீரையும் கொண்டு வந்து, வடிகட்டியே இல்லாமல், காற்றுக் குமிழி மட்டும் விட்டு முருகைக் கற்களையும் மீன்களையும் வளர்த்தார். 1961இல் அதைப் பற்றி ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புச் சஞ்சிகையில் எழுதினார். அந்தக் காலத்தில் மேற்கு நாடுகளில் கடல் தொட்டி என்றால் கற்களை எல்லாம் வெள்ளையாகக் கழுவிப் போட்டு, அடியில் சரளை வடிகட்டி வைப்பதுதான் வழக்கம். பிறகு ஜேர்மனியில் பெர்லின் பக்கத்து ஆட்கள் இந்த உயிர்க் கல் முறையோடு நுரையால் அழுக்கைப் பிரிக்கும் குழாய் ஒன்றையும் சேர்த்தார்கள். மொனாக்கோவில் ஜோபேர் என்ற பேராசிரியர் மணலைக் கனமாகப் போட்டு, அதன் அடியில் அசையாத தண்ணீருக்கு ஓர் இடைவெளி விட்டு, அந்த மூன்றாவது கூட்டத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தார். அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987இல் திறந்த பெரிய முருகைக் கல் காட்சியகத்தில் 25 இலட்சம் லீற்றர் தொட்டி. அங்கே தட்டுத் தட்டாகப் பாசி வளர்த்து, வழித்து எறிந்து, அதனோடு அழுக்கை வெளியேற்றினார்கள். முறை வேறு வேறு. வேலை செய்தது எல்லா இடத்திலும் உயிர்தான்.

இனிக் கதைக்கு வருவோம்.

தொட்டி தயார். 3 அடி நீளம், 150 லீற்றர் கொள்ளும். பாசிக்குடாவில் இருந்து 20 லீற்றர் கேன்களில் கடல் நீர் ஓட்டோவில் வந்து இறங்கியது. ஓட்டோக்கார நானா கூலி எடுக்கவில்லை, ஆனால் சீற் நனைந்ததற்கு ஒரு கிழமை ஏசினார். கல்தான் இல்லை. எங்களிடம் சாதாரண தரம் வரை படித்த ஒரு பிள்ளை இப்போது சுழியோடி அலங்கார மீன் பிடித்துக் கொழும்புக்கு அனுப்புகிறார். விசயம் கேள்விப்பட்டுப் பாடசாலைக்கே வந்து விட்டார்.

"கல்லொண்டு எடுத்துத் தரட்டா சேர்? நல்ல கல்லு இரிக்கு. ஊதா நிறம். புழு, பூ எல்லாம் ஒட்டிக்கிட்டு இரிக்கு. கொழும்புல கேக்குற சாமான் அதுதான்."

காசு வேண்டாம் என்றார். படித்த பாடசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு. உண்மையில் அது அருமையான வடிகட்டி. அவர் சொன்ன ஊதா நிறம் சுண்ணாம்பு சேர்க்கும் ஒருவகைப் பாசி. அந்தக் கல்லுக்குள் மேலே சொன்ன மூன்று கூட்டமும் இருக்கும். கடற்பஞ்சு இருக்கும். கடற்பஞ்சைப் பற்றி 2013இல் ஓர் ஆய்வு வந்தது. கரிபியன் கடலில் குராசோ தீவில் செய்தது. முருகைக் கல்லில் இருந்து கரைந்து வெளியேறும், வேறு யாரும் தின்ன முடியாத சத்தைக் கடற்பஞ்சு உறிஞ்சி, தன் பழைய கலங்களை உதிர்த்துப் போட, அந்த உதிர்வை நண்டும் புழுவும் தின்கின்றன என்று காட்டினார்கள். சத்தே இல்லாத தெளிந்த நீரில் இவ்வளவு உயிர் எப்படி வாழ்கிறது என்ற பழைய கேள்விக்கு அது ஒரு விடை. ஒன்றுமே வீணாகாத ஒரு குசினி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஆசிரியர் அறையில் அன்று பெரிய விவாதம். "கடல்ல இருக்குற கல்லுக்கு என்ன கணக்கு? ஒண்டு எடுத்தா என்ன குறையப் போகுது?" என்று ஒரு பக்கம். நாங்கள் கணக்கைப் போட்டோம். கடல் தொட்டி வைப்பவர்களின் பழைய கணக்குப்படி 150 லீற்றருக்கு 20 கிலோவும் அதற்கு மேலும் கல் வேண்டும். ஒரு கல்லில் முடியாது. உருண்டையாக வளரும் முருகைக் கல் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். ஒரு சாண் உயரக் கல் என்றால், அதைக் கொண்டு வரக் கேட்கும் பிள்ளையின் வயதுதான் அந்தக் கல்லுக்கும். சட்டமும் இருக்கிறது. 1988இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் கரையோரத்தில் முருகைக் கல் அகழ்வதைத் தடை செய்தது. உயிருள்ள முருகை தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திலும் வருகிறது. சுண்ணாம்புச் சூளைக் காலத்தில் நம் கரையில் எவ்வளவு கல் போனது என்று மூத்தவர்களிடம் கேட்டால் தெரியும். தெற்கே ஹிக்கடுவைக்கு அப்பால் பெரலியப் பக்கம், கல் அகழ்ந்து போன இடங்களில் 2004 சுனாமி எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்று பிறகு ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். நம் வீடுகளும் கடலுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

அந்தப் பிள்ளையிடம் வேண்டாம் என்றோம். முகம் வாடி விட்டது. "அப்ப எதுல சேர் பற்றீரியா வளரும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடை ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது. ஃபிஜித் தீவுகளில் இருந்து பெருமளவில் உயிர்க் கல் வெளிநாட்டுத் தொட்டிகளுக்குப் போனது. அமெரிக்காவின் புளோரிடாவில் அதைத் தடை செய்ததும் அங்குள்ளவர்கள் தரையில் தோண்டிய சாதாரணக் கல்லை அனுமதி பெற்ற இடத்தில் கடலுக்குள் போட்டு, உயிர்கள் தானாக வந்து ஒட்டும் வரை காத்திருந்து எடுத்து விற்கத் தொடங்கினார்கள். கல்லை நாமே கடலுக்குக் கொடுத்துத் திருப்பி வாங்குவது.

நம் ஊரில் எது மலிவு? உடைந்த கூரை ஓடு. பிள்ளைகள் வீட்டுக்கு வீடு போய் ஒரு சாக்கு நிறையக் கொண்டு வந்தார்கள். பூச்சட்டித் துண்டுகளும் வந்தன. கழுவி, ஊற வைத்து, வலைப் பைகளில் கட்டினோம். மீனவர் சங்கத்தில் கேட்டு, களப்பு கடலோடு சேரும் பக்கமாகத் துறையடித் தூண்களில் நீல நைலோன் கயிற்றில் தொங்க விட்டோம். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைதான் இறங்கிக் கட்டினார்.

ஆறு கிழமை கழித்துத் தூக்கிய நாளை எங்கள் தரம் 10 பிள்ளைகள் சீக்கிரம் மறக்க மாட்டார்கள். சிவப்பு ஓடு சிவப்பாகவே இல்லை. பச்சையும் மண்ணிறமுமாக வழுவழுப்பு. தோணி அடியில் ஒட்டிக் காலைக் கிழிக்குமே, அந்தக் கூர்ச் சிப்பிகள் குண்டூசித் தலை அளவில் நூற்றுக்கணக்கில். வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய் கட்டி அதற்குள் இருக்கும் புழுக்கள். தொட்டால் தண்ணீர் பீச்சும் ஏதோ ஒன்று. ஒரு துண்டில் சின்ன நகம் அளவு மட்டி. "சேர், ஓடு மூச்சு விடுது" என்று ஒரு பிள்ளை கத்தினார். கலங்கிய தண்ணீர் வாளியில் ஓர் ஓட்டை வைத்துப் பார்த்துக் கொண்டே இருந்தார்கள். இடைவேளைக்கு முன் கலங்கலாக இருந்த வாளி, பாடசாலை விடும் நேரத்தில் அடி தெரிந்தது. கொஞ்சம் தானாக அடியில் படிந்தது, கொஞ்சம் ஒட்டியிருந்தவை வடித்தது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் உள்ள வளர்ந்த சிப்பி ஒன்று நல்ல நிலையில் ஒரு நாளைக்கு 190 லீற்றர் வரை வடிக்கும் என்று சொல்கிறார்கள். எங்கள் நகம் அளவு மட்டிக்கு அவ்வளவு வராது. ஆனாலும் வேலைக்காரன்தான்.

தொட்டியில் வைக்க முன் ஒரு பரிசோதனை செய்தோம். இரண்டு வாளி, இரண்டிலும் ஒரே கடல் நீர், காற்றுக் குமிழி, ஒரே அளவு உரித்த இறால் துண்டு. ஒன்றில் கடையில் வாங்கிய புது ஓடு, மற்றதில் துறையடி ஓடு. அமோனியாவும் நைத்திரைற்றும் எழுந்து, பிறகு இரண்டும் பூச்சியமாக எத்தனை நாள் என்று சுவரில் வரைபு. புது ஓட்டுக்கு 41 நாள். துறையடி ஓட்டுக்கு 17 நாள். நைதரசன் வட்டம் பற்றிய கேள்வி இனிப் பரீட்சையில் வந்தால் அந்த வகுப்புக்குப் பயமில்லை.

இனி வீட்டில் வைக்க நினைப்பவர்களுக்குச் சில உண்மைகளைச் சொல்லி விட வேண்டும். ஓடு முருகைக் கல் மாதிரி உள்ளே ஆழமான துளை உள்ளதல்ல. அமோனியாவை நன்றாகக் கையாள்கிறது, ஆனால் அந்த மூன்றாவது கூட்டத்துக்கு இடம் போதாது. எங்கள் தொட்டியில் நைத்திரேற்று ஏறி லீற்றருக்கு 40 மில்லிகிராம் வரை வந்து விட்டது. அதற்குப் பாசி போட்டோம். கரையில் ஒதுங்கிய பச்சைப் பாசி ஒரு கைப்பிடி, பக்கத்து வாளியில், மேலே ஒரு எல்.ஈ.டி. மின்குமிழ். தொட்டி விளக்கை அணைத்த பிறகு இரவில்தான் வாளி விளக்கு எரியும். இரவில் எல்லா உயிரும் காபனீரொட்சைட்டை விடும், தண்ணீரின் பீஎச் பெறுமானம் இறங்கும். அந்த நேரம் பாசி அதை உறிஞ்சிக் கொள்ளும். பாசி வளர வளரப் பாதியைப் பிடுங்கி மல்லிகைக்கு உரமாகப் போடுகிறோம், உப்புப் போகக் கழுவித்தான். நைத்திரேற்று 10க்கு இறங்கியது. திராட்சைக் குலை மாதிரி இருக்கும் பாசியை மட்டும் போட வேண்டாம். அது சில நேரம் ஒரே இரவில் வித்துக்களை விட்டுச் செத்து, தண்ணீரைப் பால் மாதிரி ஆக்கி விடும்.

கடலட்டை போடலாமா என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். மணலைத் தின்று சுத்தமாக்கித் தருவதில் அதைப் போல ஒன்றில்லை. ஆனால் சின்னத் தொட்டியில் அதற்குத் தீன் போதாது. மோட்டரில் அடிபட்டாலோ செத்தாலோ சில இனங்கள் விடும் நஞ்சு மற்ற மீன்களையும் கொண்டு போகும். வேண்டாம். எங்களிடம் இப்போது இருப்பது கண்ணாடியை மேய்கிற கரை நத்தை ஆறு, சங்குக்குள் வாழும் நண்டு நாலு, பாசி தின்னும் ஓராக் குஞ்சு இரண்டு. ஓராவின் முள்ளில் நஞ்சு இருக்கிறது, கையை விட வேண்டாம் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வளர்ந்ததும் பிடித்த இடத்திலேயே கொண்டு போய் விடுவோம்.

மின்வெட்டையும் கேட்டீர்கள். 2022இல் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்ததை யார் மறப்போம்? உயிர் வடிகட்டிக்கு மின்சாரம் வேண்டாம், ஒட்சிசன் வேண்டும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம் வைத்திருங்கள். தண்ணீர் வற்றினால் கடல் நீர் ஊற்றக் கூடாது. உப்பு வற்றாது, தண்ணீர்தான் வற்றும். குளோரின் இல்லாத நல்ல தண்ணீரை ஊற்றுங்கள்.

இப்போது நாங்கள் உண்மையில் எழுத வந்த விசயம்.

ஓட்டுப் பைகளை நாங்கள் ஓரிடத்தில் மட்டும் கட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மூன்று இடத்தில் கட்டினோம். ஒன்று மேலே சொன்ன துறையடி. இரண்டாவது, இன்னும் கண்டல் மரங்கள் மிஞ்சியிருக்கும் ஓரம். மூன்றாவது, ஊர் வடிகான் களப்பில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. எந்த வடிகான் என்று இங்கே எழுதவில்லை, இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

கண்டல் ஓரத்துப் பை துறையடிப் பையை விடப் பாரமாக வந்தது. ஓட்டை விட ஒட்டியிருந்ததுதான் அதிகம். குஞ்சு இறால் இரண்டு பைக்குள்ளேயே இருந்தன. வடிகான் பக்கத்துப் பை கறுப்பாக வந்தது. கூழ் மாதிரி ஒன்று மூடியிருந்தது, அழுகிய முட்டை மணம். சிப்பி இல்லை, குழாய்ப் புழு இல்லை, மட்டி இல்லை. அதே ஓடு, அதே ஆறு கிழமை, அதே களப்பு. மூன்று பையையும் ஆய்வுகூட மேசையில் வரிசையாக வைத்தபோது வழமையாகச் சத்தம் போடும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

காரணம் விளங்கப்படுத்த எங்களுக்குக் கஷ்டம் இருக்கவில்லை. தொட்டியில் தீனை அள்ளிக் கொட்டினால் என்ன நடக்கும் என்று அவர்கள் இரண்டு மாதம் படித்து விட்டார்கள். வடிகட்டுகிற உயிர் கொஞ்சம் அழுக்கைத் தின்னும். அளவுக்கு மிஞ்சினால் அழுக்கு ஒட்சிசனைத் தின்று விடும், பிறகு வடிகட்டியே செத்து, அதுவும் அழுக்கோடு சேரும். "இந்த வடிகானில் யாருடைய வீட்டுத் தண்ணீர் வருது சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டார். வகுப்பில் ஏழு பேரின் வீடு அந்த வீதிகளில். எங்கள் ஆசிரியர் இருவரின் வீடும் அங்கேதான். கோழிக் கடைக் கழிவு, சவர்க்காரத் தண்ணீர், சில இடங்களில் மலசலகூடத் தண்ணீரும் சேர்ந்துதான் வருகிறது. அந்த ஏழு பேரில் மூன்று பேரின் வாப்பாமார் அதே களப்பில் வலை போடுகிறவர்கள். முன்பு துறையடியிலேயே மட்டி பொறுக்கிய கதையை அவர்களின் உம்மம்மாமார் சொல்கிறார்கள். இப்போது அதற்குத் தோணி ஏறித் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது.

கண்டல் ஓரமும் வருடா வருடம் கட்டட மண் நிரப்பிக் குறைந்து கொண்டு வருகிறது. காணி தேவைதான், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிக்க வீடு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நிரப்புவது வெறும் சேற்றை என்று நினைத்து நிரப்புகிறோம். அந்தப் பாரமான பையைப் பார்த்த பிறகு எங்களால் அப்படி நினைக்க முடியவில்லை.

பிள்ளைகள் மூன்று பைகளின் படத்தையும் வரைபையும் எடுத்து ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார்கள். அதை உரியவர்களிடம் கையளிக்க நேரம் கேட்டிருக்கிறோம். கோழிக் கடைக்காரர் ஒருவர் தானாகவே வந்து, கழிவை வடிகானில் விடாமல் புதைக்க இடம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகளும் அந்த வகுப்பில்தான் படிக்கிறார். சுழியோடும் அந்தப் பிள்ளை, கொழும்பில் கல் கேட்பவர்களுக்கு ஓட்டை வளர்த்துக் கொடுத்தால் வாங்குவார்களா என்று விசாரித்துக் கொண்டிருக்கிறார். முறையாக அனுமதி எடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

அடுத்த மாதம் இன்ஷா அல்லாஹ் ஆறு இடங்களில் மீண்டும் பைகள் கட்டப் போகிறோம். பெற்றோரில் ஓடு உடைந்து கிடப்பவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்து விடுங்கள். சிமெந்து பூசியது வேண்டாம். களப்பில் நீல நைலோன் கயிறு கட்டியிருப்பதைக் கண்டால் தயவு செய்து இழுத்துப் பார்க்க வேண்டாம், போன முறை ஒரு பையை யாரோ இறால் கூடு என்று நினைத்து அறுத்துக் கொண்டு போய் விட்டார்கள். உள்ளே இருப்பது ஓடுதான். எடுத்தவர் அதைத் திருப்பித் தந்தாலும் சந்தோசம், தரம் 10இல் அதற்கு ஒரு வரைபு பாதியில் நிற்கிறது.